இது எதன் பொருட்டு? — ஒல்லாந்தரின் முற்றுகைக் காசும் நம் கரிசல் மண்ணும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் செல்லும் சாலையினின்று சற்று விலகியிருக்கும் ஒரு சிற்றூர்ச் சபையில் அறுப்பின் பண்டிகையை நடத்தும் பொறுப்பு, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நமக்கு வாய்த்தது. கம்பு, உளுந்து, மிளகாய் வற்றல், மூட்டை மூட்டையாய்ப் பருத்தி, கால் கட்டப்பட்ட சேவல்கள் என அவ்வாண்டின் விளைச்சல் பீடத்தின் முன் குவிந்திருந்தது. அக்குவியலுக்கிடையே ஒரு வெற்றிலைத் தட்டில் சிறு செப்புக்காசு ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. கோடையுழவில் கொழுமுனையில் தட்டுப்பட்டதென்று அதைக் கொணர்ந்த முதியவர் கூறினார். புளியிட்டுத் துலக்கியிருந்தமையால், ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த வி, ஓ, சி என்னும் மூன்று எழுத்துகள் அதில் தெளிவாகத் தெரிந்தன. “இந்த மாதிரிக் காச வ.உ.சி. கப்பல் கம்பெனிக் காசுன்னு எங்க பாட்டையா சொல்லுவாக, ஐயா” என்றார் அவர்.

சபையார் ஒருவரும் அதை மறுக்கவில்லை. மறுக்க நமக்கும் மனம் எழவில்லை. வ.உ. சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரம் அவ்வூருக்குத் தொலைவன்று. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, 1908-இல் சிறை புகுந்து மீண்ட அப்பெருமகனார், பிற்காலத்தில் கோவில்பட்டியிலேயே வழக்கறிஞராயிருந்தவர். அவருடைய கம்பெனிக்கும் அவருடைய பெயருக்கும் உரிய எழுத்துகளென்றே அம்மக்கள் அதனைப் போற்றி வந்தனர். ஆயின் அக்காசு அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முந்தியது. 1602-இல் நிறுவப்பெற்ற ஒல்லாந்தரின் ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், அவர்தம் மொழியில் அதே மூன்று எழுத்துகளில் தொடங்குகிறது. ‘டொய்ட்’ என வழங்கிய இச்செப்புக்காசுகளை அக்கம்பெனி 1726 முதல் கீழ்த்திசை நாடுகளில் வழங்குவதற்கென்றே அடிப்பித்தது. மறுபக்கத்தில் முடிசூட்டிய கேடயம் ஒன்று. அதனுள் அலைகளினின்று அரையுடலாய் எழும் சிங்கம். அது ஒல்லாந்து நாட்டுச் சீலாந்து மாகாணத்தின் இலச்சினை. ஆண்டைக் குறிக்கும் இலக்கங்களில் முதலிரண்டு மட்டுமே தேயாமலிருந்தன.

நாணயத்தைக் காட்டச் சொல்லி, இச்சுரூபமும் மேலெழுத்தும் யாருடையவை என்று நம் ஆண்டவர் வினவிய வரலாற்றை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். அவ்வினாவை அன்று நம் கையிலிருந்த காசை நோக்கி எழுப்பினால், விடை தேடிப் பதினாறாம் நூற்றாண்டிற்குச் செல்ல வேண்டும். இச்சிங்கம் செம்பில் பிறந்ததன்று. ஸ்பெயின் மன்னனுக்கு எதிராக ஒல்லாந்தர் எழுந்த காலத்தில், பசிக்கும் போருக்கும் இடையே, அது வெள்ளியிலும் காகிதத்திலும் ஏறி நின்றது.

அக்காலத்தில் நெதர்லாந்தின் பதினேழு மாகாணங்களும் ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பின் ஆட்சிக்குட்பட்டிருந்தன. சீர்திருத்தக் கொள்கையினர் தீயிலிடப்பட்டதும், நகரங்களின் பழைய உரிமைகள் பறிக்கப்பட்டதும், ஆல்பா கோமகன் விற்பனைப் பொருள்மீது பத்தில் ஒரு பங்கு வரி கேட்டதும் திருச்சபை வரலாறு பயின்றோர் அறிந்தவையே. அவற்றை இங்கு விரிக்கவில்லை. நாம் காட்ட விரும்புவது வேறொன்று. அக்கலகத்தின் வாதமெல்லாம் காசின்மேல் எழுதப்பட்டிருக்கிறது. இரு தரத்தாரும் அதில் தேவனுடைய பெயரை எழுதினர்.

மன்னன் தரப்பிலிருந்து தொடங்குவோம். பிலிப்பின் பெரிய வெள்ளிக்காசு 1557 முதல் அடிக்கப்பட்டது. ஒருபுறம் அவனது முகம்; மறுபுறம் ‘கர்த்தர் எனக்குத் துணை’ எனப் பொருள்படும் இலத்தீன் வாசகம். 118-ஆம் சங்கீதத்தின் எதிரொலி அது. எதிர்த்து எழுந்தோர் முதலில் மன்னனை மறுக்கத் துணியவில்லை. 1566-இல் விண்ணப்பம் கொணர்ந்த பிரபுக்களைப் பிச்சைக்காரர் என ஓர் அவையினர் இகழ்ந்தபோது, அவ்வசைச்சொல்லையே அவர்கள் பட்டமாக ஏற்றனர். அவர்கள் கழுத்திலணிந்த பதக்கத்திலோ பிலிப்பின் முகமே பொறிக்கப்பட்டிருந்தது. பிச்சைப்பை சுமக்கும் நிலை வந்தாலும் மன்னனுக்கு எல்லாவற்றிலும் உண்மையாயிருப்போம் என்பது அதன் வாசகம். போர் மூண்டு ஒன்பது ஆண்டுகள் ஆனபின், 1577-இல் மாகாணப் பேரவையார் அடித்த வெள்ளிக்காசிலும் அம்மன்னனே வீற்றிருந்தான். அவன் இனித் தங்கள் மன்னன் அல்லன் என அவர்கள் முறைப்படி அறிவித்தது 1581-இல்தான். கலகம் செய்கிறவன் தன்னைக் கலகக்காரன் என ஒப்புக்கொள்ள எத்தனை ஆண்டுகள் பிடிக்கின்றன!

சிங்கமோ அதற்கு முன்னரே வந்துவிட்டது. 1575 முதல் ஒல்லாந்து மாகாணம் அடித்த ‘சிங்க டாலர்’ என்னும் வெள்ளிக்காசில் மன்னன் முகம் இல்லை. கவசமணிந்த வீரன் ஒருவன் சிங்கக் கேடயத்தின் பின் நிற்கிறான். மறுபுறம் சிங்கம் தனியே எழுந்து நிற்கிறது. அதனைச் சூழ்ந்த வாசகத்தின் பொருள், கர்த்தரில் நம்பிக்கை வைப்பவன் அசைக்கப்படான் என்பது. 125-ஆம் சங்கீதத்தினின்று எடுக்கப்பட்டது. மன்னனுக்கு ஒரு சங்கீதம். மன்னனை எதிர்த்தோருக்கு வேறொரு சங்கீதம்! இக்காசைப் பற்றி மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருபத்தேழரைக் கிராமுக்குச் சற்று மிகுந்த அதன் எடையில் நான்கில் மூன்று பங்கே தூய வெள்ளி. அதற்கு விதிக்கப்பட்ட 32 ஸ்டைவர் மதிப்பிற்கு அவ்வெள்ளி குறைவு. அந்தக் குறைவினால் கிடைத்த ஆதாயம் போர்ச்செலவிற்குச் சென்றது. அசையாத நம்பிக்கையை அறிக்கையிட்ட காசில் வெள்ளி சற்றுக் குறைந்திருந்தது என்பதைப் பிரசங்கிகளாகிய நாம் நினைவிற்கொள்வது நன்று. பின்னாளில் அக்காசு துருக்கியர் நாடுகளெங்கும் பரவியது. சிங்கத்தை நாயென்று கருதிய அரேபியர் அதற்கு ‘நாயின் தகப்பன்’ எனப் பெயரிட்டனராம்.

இவற்றினும் அரியவை முற்றுகைக் காசுகள். நகரம் சூழப்பட்டு வெளியிலிருந்து பணம் வர வழியற்றபோது, வீரருக்குக் கூலி கொடுப்பதற்காகக் கோயில் வெள்ளியையும் வீட்டு வெள்ளியையும் வெட்டி, அவசரமாய் முத்திரையிட்டு வழங்கிய காசுகள் அவை. சில வட்டமாய்கூட இரா, சதுரத் தகடுகளே. முற்றுகை நீங்கியபின் பெரும்பாலானவை மீண்டும் உருக்கப்பட்டமையால், எஞ்சியவை இன்று அருங்காட்சியகங்களிலும் சேகரிப்போரிடத்திலும் மட்டுமே உள்ளன. நம் செப்புக்காசின் சீலாந்து மாகாணத்துத் தலைநகராகிய மிடில்பர்க்கும் அவ்வாறு முற்றுகையிடப்பட்ட நகரமே. ஆனால் அங்கு மன்னன் பக்கத்தார் உள்ளே பட்டினி கிடந்தனர். சீர்திருத்தக் கட்சியார் வெளியே சூழ்ந்திருந்தனர். 1572 முதல் 1574 பெப்ருவரி வரை தாங்கிய அந்நகரத்தின் வெள்ளிக்காசு, தேவனுக்கும் மன்னனுக்கும் தாய்நாட்டிற்கும் உண்மையுள்ளோர் எனத் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. நம் பாடநூல்கள் லெய்டன் நகரத்தின் பட்டினியைச் சொல்லும். மிடில்பர்க்கின் பட்டினியைச் சொல்வதில்லை.

லெய்டனுக்கு வருவோம். 1573 அக்டோபரில் தொடங்கிய முதல் முற்றுகையும், 1574 மே மாதத்தில் தொடங்கி அக்டோபர் 3-ஆம் நாள் முடிந்த இரண்டாம் முற்றுகையும் அந்நகரை உருக்குலைத்தன. பசியாலும் கொள்ளைநோயாலும் ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர் என்பர். வெள்ளி போதாதபோது நகரத்தார் காகிதத்தில் காசு செய்தனர். அக்காகிதம் எங்கிருந்து வந்தது? கத்தோலிக்கக் கோயில்களிலிருந்த பூசைப் புத்தகங்களின் ஏடுகளைக் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டி, அழுத்தி, முத்திரையிட்டனர். ஐரோப்பாவின் முதற் காகிதப் பணம் இதுவே எனப் பலர் எழுதுவர். ஒரு திருச்சபையின் வழிபாட்டு ஏடு மற்றொரு திருச்சபையின் கூலிப்பணமாயிற்று. வேத புத்தகத்தைக் கீழே வைக்கவும் கூசும் நம் கிராமச் சபையாரிடம் இதைச் சொன்னால் என்ன நினைப்பார்களோ, நாம் சொல்லிப் பார்த்ததில்லை.

அக்காசின்மேல் சிங்கம் ஒன்று நிற்கிறது. அது ஏந்திய கோலின் நுனியில் ஒரு தொப்பி. பண்டை உரோமாபுரியில் விடுதலைபெற்ற அடிமை அணிந்த தொப்பி அது. சுற்றிலும் மூன்று இலத்தீன் சொற்கள்: ‘இது சுதந்திரத்தின் பொருட்டு’ என்பது அவற்றின் பொருள். இவ்வாசகம் நகரத்தின் சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. இது மார்க்கத்தின் பொருட்டு என்றல்லவா எழுதியிருக்க வேண்டும், தேவ காரியத்தை உலக காரியமாக்கிவிட்டீர்களே என்று அவர் பிரசங்க பீடத்திலிருந்தே நகர ஆட்சியாளரைக் கடிந்துகொண்டார். கீழே நகரத் தலைவர் வான் டெர் வெர்ஃபின் அருகில் அமர்ந்திருந்தவர் நகரச் செயலர் யான் வான் ஹௌட். கவிஞரும் கல்விமானுமாகிய அவர், தம் கைத்துப்பாக்கியை எடுத்து, பிரசங்கியைச் சுட்டு இறக்கிவிடட்டுமா என்று தலைவரிடம் கேட்டாராம். தலைவர் தடுத்தமையால் ஆராதனை முடிவுற்றது. ஒல்லாந்து வரலாற்றாசிரியர் வழிவழியாய்ச் சொல்லிவரும் நிகழ்ச்சி இது.

இதைக் கேட்டு நகைக்கலாம். நம் மாணவர்கள் நகைப்பதுண்டு. ஆனால் வழக்கு அற்பமானதன்று. எதற்காகப் பட்டினி கிடக்கிறோம் என்பதே கேள்வி. ‘மார்க்கத்தின் பொருட்டு’ என்று எழுதியிருந்தால், அச்சுவர்களுக்குள்ளே உடன் பசித்திருந்த கத்தோலிக்கக் குடிகள் யாருக்காகப் பசித்திருந்தார்கள்? நகரத்தார் அவர்களையும் சேர்த்தே ‘சுதந்திரம்’ என்றனர் எனக் கொள்ளலாம். அதே வேளையில் அவர்தம் பூசைப் புத்தகத்தைக் கிழித்தே அச்சொல்லை அச்சிட்டனர். போதகரும் முழுதும் பிழைபட்டவரல்லர் என்பது நம் எண்ணம். தேவனுக்கு முன் கணக்குக் கொடுக்க வேண்டாத சுதந்திரம் யாருடைய கையில் என்னவாகும் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கலாம். அவ்வச்சத்திற்கான விடை லெய்டனில் எழுதப்படவில்லை. நம் கடற்கரையில் எழுதப்பட்டது.

முற்றுகையைத் தாங்கியமைக்குப் பரிசாக 1575-இல் லெய்டனுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. ஒல்லாந்தின் சீர்திருத்த இறையியலுக்கு அது தலையாய நிலையமாயிற்று. கீழ்த்திசைக்கு அனுப்பும் போதகரைப் பயிற்றுவிக்கவும் 1620-களில் அங்கே ஒரு கல்லூரி சில ஆண்டுகள் நடந்தது. 1648-இல் ஸ்பெயின் அவர்களைச் சுதந்திர நாடாக ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து பத்தே ஆண்டுகளில், 1658-இல், ரிக்லோஃப் வான் கூன்ஸ் என்னும் தளபதியின் கீழ் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றினர். படையோடு வந்த போதகர் பிலிப்புஸ் பல்தேயுஸ், யாழ்ப்பாணத்தில் பணியாற்றி மத்தேயு நற்செய்தியைத் தமிழாக்கியவராகத் திருச்சபை வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறார்.

முத்துக்குளித்துறையின் பரதவர் அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்றவர்கள். 1542-இல் வந்த சவேரியாரைத் தந்தையெனப் போற்றியவர்கள். புதிய ஆட்சியாளர் அவர்களுடைய குருக்களை நகரினின்று விலக்கினர். கோயில்கள் சில கம்பெனியின் தேவைகளுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. பரதவரோ நகருக்கு வெளியே, உள்நாட்டில் தங்கியிருந்த குருக்களைத் தேடிச் சென்று வழிபட்டு வந்தனர். 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தம் நூலில், அம்மக்களைத் தம் பக்கம் திருப்ப இயலாமையைப் பல்தேயுஸ் மறைக்கவில்லை. இயேசு சபைக் குரு மார்ட்டின் 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி வருகிறது. தங்களை மனந்திருப்ப வந்த ஒல்லாந்தப் போதகரிடம் பரதவர் தலைவர், சவேரியார் சிலரை மரித்தோரிலிருந்து எழுப்பினார், நீர் ஒரு பன்னிருவரை எழுப்பும், எங்கள் நோயாளிகளைச் சுகப்படுத்தும், கடலில் மீனைப் பெருக்கும், அதன்பின் பேசுவோம் என்ற கருத்தில் விடையிறுத்தாராம். எழுதியவர் எதிர்க்கட்சியார், சுவை சேர்த்திருக்கலாம். எனினும் அவ்விடையின் தெம்பு நமக்குப் பழக்கமானது. கர்த்தரில் நம்பிக்கை வைப்பவன் அசைக்கப்படான் என்று காசில் அடித்துக்கொண்டவர்கள், அசையாத ஒரு கூட்டத்தை இங்கே கண்டார்கள். அதை அடையாளங்கண்டு கொண்டார்களா என்பதுதான் தெரியவில்லை.

கரிசற் சீமை இவ்வரலாற்றில் எதிர்பாராத இடம் பெறுகிறது. சீர்திருத்தக் கொள்கையினர் ஆண்ட கடற்கரையில் இடமில்லாத இயேசு சபையாருக்கு, இந்துக்களாகிய நாயக்கரும் பாளையக்காரரும் ஆண்ட உள்நாட்டில் இடமிருந்தது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி அவர்தம் முக்கிய நிலையங்களுள் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் அங்கே பணிபுரிந்தார். நாம் கோவில்பட்டிச் சீமையில் ஆயராயிருந்த நாட்களில் அவ்வூர்த் திருவிழாவிற்கு நம் சபையாரும் செல்வதுண்டு. அதைக் கண்டிக்கும்படி நம்மிடம் சொன்ன மூத்தவர்களும் உண்டு. நாம் கண்டிக்கவில்லை.

காலப்போக்கில் கம்பெனியார் தளர்ந்தனர். 1713-இல் பனிமய மாதாவின் பெரிய கோயில் ஒல்லாந்தர் ஆட்சியிலேயே தூத்துக்குடியில் எழுந்தது; ஆட்சியாளர் தங்களுக்கென இன்றுள்ள தேவாலயத்தைக் கட்டியதோ 1750-இல், முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து. தென்னிந்தியத் திருச்சபையாருக்கு உரிய பரிசுத்த திரித்துவ ஆலயமாக அது விளங்குகிறது. இத்தளர்ச்சியை மனச்சான்றின் வெற்றியெனச் சிலர் புகழ்வர். முத்துக்குளிக்கவும் சங்கெடுக்கவும் தோணி விடவும் பரதவரின்றி ஆகாது என்பதே மெய்யான காரணமாயிருக்கலாம். சுதந்திரத்தின் பொருட்டா, மார்க்கத்தின் பொருட்டா என்று லெய்டனில் எழுந்த வழக்கில், மூன்றாவதாக ஆதாயம் என்றொரு வாதி வந்து இங்கே தீர்ப்பைப் பெற்றுக்கொண்டது.

அவ்வாதாயத்தின் வேறொரு பக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரைக்கு நியாயமில்லை. 1659 முதல் 1661 வரை சோழமண்டலத்தில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, கம்பெனியார் தஞ்சைச் சீமையில் 8,000 முதல் 10,000 பேரை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேற்றினர். 1673 முதல் 1677 வரை மழை பொய்த்த ஆண்டுகளில், மதுரைக் கடற்கரை எனப்பட்ட நம் கடற்கரையிலிருந்து மட்டும் ஏற்றப்பட்டோர் 1,839 பேர். வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தால் என்ன நேரும் என்பதை நாம் எழுதி விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் பிள்ளைகளை விற்றனர். சிலர் தங்களையே விற்றனர். வாங்கியவர்கள், நூறாண்டுகளுக்கு முன் பட்டினியைத் தாங்கியதற்காகப் போற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். லெய்டனின் காகிதக் காசில் சிங்கம் ஏந்திய தொப்பி யாருடைய தொப்பி என்பதை மேலே கூறினோம். சீர்திருத்தத் திருச்சபையின் பிள்ளைகளென்று நம்மை எண்ணும் நாம், லெய்டன் முற்றுகையை நம் முன்னோர் கதையாகச் சொல்வோமானால், தூத்துக்குடித் துறையில் நின்ற கப்பலையும் நம் முன்னோர் கதையாகவே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

இத்தனைக்கும் அந்த வெள்ளிக்காசுகள் நம் கரிசல் மண்ணில் புழங்கவில்லை. தென்னாடு பொன்னும் செம்பும் வழங்கிய நாடு. வராகனும் பணமும் பொன், அன்றாடக் காசு செம்பு. வெள்ளி வந்தாலும் வணிகர் கையில் பண்டமாகவே நின்றது, அல்லது உருகிப்போயிற்று. உள்நாட்டு நெசவாளருக்கு வணிகர் வழியே முன்பணம் கொடுத்துத் துணி நெய்வித்துத் தூத்துக்குடியில் கப்பலேற்றிய கம்பெனியின் நூற்றைம்பது ஆண்டு வாணிபத்தில், வயற்காட்டிற்கு வந்து சேர்ந்தது டொய்ட் போன்ற செப்புக்காசே. பாளையக்காரரோடும் அவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தது. 1783 ஆகஸ்டில் ஆங்கிலத் தளபதி புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, கொழும்பிலிருந்த ஒல்லாந்த அரசு கட்டபொம்மு நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலச்சுவடி அங்கே அகப்பட்டதெனக் கால்டுவெல் ஐயர் தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். பலமுறை கைமாறிய தூத்துக்குடி, 1825-இல் முடிவாக ஆங்கிலேயருக்குச் சென்றது. சிங்கம் கப்பலேறியது, சில்லறை மட்டும் மண்ணில் தங்கிற்று.

அன்று ஆராதனை முடிந்து, வழக்கப்படி காணிக்கைப் பொருள்கள் ஏலமிடப்பட்டன. சேவலுக்கும் பருத்திக்கும் போட்டியிருந்தது. செப்புக்காசுக்குக் கேட்பாரில்லை, நாம் இருபது ரூபாய் கூறி எடுத்துக்கொண்டோம். அடுத்த ஞாயிறு முதியவரைத் தனியே அழைத்து, அது வ.உ.சி.யின் காசன்று, அவருக்கு வெகுகாலம் முன்னே கடல் கடந்து வந்த ஒல்லாந்தரின் காசு என்று மெல்ல எடுத்துரைத்தோம். அவர் வருந்தியதாய்த் தெரியவில்லை. காசை மீண்டும் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“அவுக எதுக்கு ஐயா இங்க வந்தாக?”

துணி வாங்க வந்தார்கள் என்றோம். அதற்குமேல் அன்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

“நம்ம பருத்தியிலயா?” என்று கேட்டவர், காசை நம் கையில் வைத்துவிட்டு, களையெடுப்புக்கு ஆள் சொல்ல வேண்டுமென்று புறப்பட்டுப் போனார்.